நாய் பாஷையில் ‘வலிக்குது’

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கிற சாலைக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. என் கணவர் லாரி கேபினுக்குள் சீட் பொருத்துகிறவர். அந்த சீட்டுகளுக்கு உறை தைப்பது நான். வீட்டின் முன்னறை முழுக்க ரெக்சின் சுருளும் ஃபோம் துண்டும் கிடக்கும். விருந்தாளி வந்தால் நாற்காலி தேட வேண்டியிருக்கும். ஆனால் எங்கே விழுந்தாலும் அடிபடாது.

தை மாதம் ஒரு மதியம் சாப்பிட வந்தவர், சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி, உள்ளே கையை விட்டு எதையோ எடுத்து என் தையல் மிஷின் பலகைமேல் வைத்தார். செம்மண் நிறத்தில் ஒரு கைப்பிடி ரோமம். மூக்கு கருப்பு. உடம்பில் பெரிய பாகம் வயிறுதான். அது என்னைப் பார்த்தது, ஊசியைப் பார்த்தது, பிறகு டிரைவர் சீட்டுக்காக நான் வெட்டி வைத்திருந்த மஞ்சள் ரெக்சின்மேல் ஒன்றுக்குப் போனது.

“என்னுங்க இது?”

“நாய்க்குட்டி.”

“அது தெரியுதுங்க. இங்க எதுக்கு?”

அவர் கை கழுவப் போய்விட்டார். பதில் சொல்லப் பிடிக்காத கேள்விகளுக்கு அவர் கை கழுவப் போவார். சோற்றில் ரசம் ஊற்றிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

கேபின்கூட இல்லாத புது லாரி சேசிஸை வடக்கேயிருந்து ஓட்டிக்கொண்டு வருகிற டிரைவர்கள் உண்டு. முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு, நாலைந்து நாள் புழுதியில் குளித்தபடி வந்து பட்டறையில் இறங்குவார்கள். அப்படி வந்த ஒருவர், நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் கயிற்றுக் கட்டிலில் தூங்கி எழுந்து, படுக்கையைச் சுருட்டிக் கட்டியிருக்கிறார். அதற்குள் இது இருந்திருக்கிறது. ஹைதராபாத் பக்கம் வந்து படுக்கையை விரிக்கும்போதுதான் தெரிந்ததாம். திரும்பிப் போக வழியில்லை. டீயில் நனைத்த பன்னை விரலில் எடுத்து ஊட்டியபடி நாமக்கல் வரை கொண்டுவந்துவிட்டார். அன்று சாயங்காலமே சேலம் ஜங்ஷனில் அவருக்கு ரயில். ரயிலில் குட்டியை ஏற்ற முடியாது. பட்டறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் நீட்டியிருக்கிறார். என் கணவருக்கு இந்தியில் மூன்று வார்த்தை தெரியும். அந்த மூன்றில் ‘வேண்டாம்’ இல்லை.

“அந்தாளு கண்ணுல தண்ணி வந்துருச்சு புள்ள,” என்றார். “ரெண்டு நாள் வெச்சிருந்து யாருகிட்டயாவது குடுத்துறலாம். பேரு மட்டும் வெச்சறாத. பேரு வெச்சா ஒட்டிக்கும்.”

பெயர் வைக்கவில்லை. குட்டி என்றே கூப்பிட்டோம்.

மறுநாள் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் ஒரு சின்னப் பெண். எங்களுக்கு முன்னால் ஒரு எருமை, இரண்டு வெள்ளாடு, மயங்கிய சேவல் ஒன்று. எங்கள் முறை வந்ததும் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். “இருபத்தஞ்சு நாள் இருக்கும். பெட்டை. அம்மா எங்கே?”

“நாக்பூருங்க,” என்றார் கணவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் முழுக் கதையும் சொன்னேன். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்று கரைத்துக் கொடுக்கிற பவுடர் ஒன்றை எழுதினார். எத்தனை மணிக்கொரு தரம், எவ்வளவு என்றெல்லாம் சொல்லிவிட்டு, பேனாவை மூடினார்.

“பால் பிரச்சனையே இல்லைங்க. பால் யாரு வேணா குடுக்கலாம். இதுக்கு இனிமேதான் கூடப்பொறந்ததுங்களோட சண்டை போடுற வயசு. ஒண்ண ஒண்ணு கடிக்கும். ரொம்பக் கடிச்சா கடிபட்டது கத்திட்டு வெளையாட்டை விட்டுட்டுப் போயிரும். அப்பதான் எவ்வளவு கடிக்கலாம்னு இதுக்குத் தெரியும். அது தெரியாம வளந்தா, பாசமா கடிச்சாக்கூட ரத்தம் வரும். பெருசானப்பறம் சொல்லிக் குடுக்க முடியாது.”

“அப்ப என்னுங்க பண்றது?”

“நீங்கதான் கூடப்பொறந்ததுங்க. கடிச்சா அடிக்கக் கூடாது. குட்டி மாதிரியே ‘கீங்’னு கத்தணும். கத்திட்டு எந்திரிச்சுப் போயிரணும். இவரும் கத்தணும், நீங்களும் கத்தணும்.”

என் கணவர் பேசினாலே பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் கேட்கும். பட்டறையில் வெல்டிங் சத்தத்துக்கு நடுவிலும் குரலை உயர்த்தாமல் கையைக் காட்டியே வேலை வாங்குகிறவர். “டாக்டரம்மா, நானுங்களா?” என்று கேட்டார். வெளியே மாட்டோடு நின்றிருந்தவர் சிரித்துவிட்டார்.

முதல் வாரம் கடிக்கப் பல்லே சரியாக இல்லை. ஈறால் கவ்வி விரலைச் சப்பும். பிரச்சனை தூக்கம்தான். தனியாக விட்டால் வீடே இடிகிற மாதிரி கத்தும். மடியில் வைத்தால் நான் வேலை செய்ய முடியாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் மிஷினுக்குக் கீழே ஃபோம் துண்டு போட்டு அதில் விட்டுவிட்டு மோட்டாரை ஓடவிட்டேன். ஒரே நிமிஷத்தில் தூங்கிவிட்டது. லாரியில் வந்த குட்டிக்கு மோட்டார் சத்தம் தாலாட்டாக இருந்திருக்க வேண்டும். கரண்ட் போனால் விழித்துக்கொள்ளும். நான் நூல் மாற்ற நிறுத்தினாலும் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும். அந்த மாதம் நான் தைத்த சீட் உறைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கணவரே அசந்துபோனார். குட்டிக்காகவே தைத்துத் தள்ளினேன்.

பிறகு பல் வந்தது. எறும்பு கடித்த மாதிரி ஆரம்பித்து, பத்தே நாளில் குண்டூசியாக மாறியது. என் புடவைக் கரை, அளவு நாடா, கணவரின் கால் பெருவிரல் என்று அதற்குப் பிடித்தவை சில இருந்தன. பெருவிரல்தான் முதல் இடம். அவர் சாப்பிட உட்கார்ந்தால் அது மேசைக்கு அடியில் போய்க் காத்திருக்கும்.

முதல் முறை நன்றாகக் கடித்தபோது அவர் அடக்கிக்கொண்டார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது பேர் சொல்வதுபோல மரியாதையாக, “கீங்,” என்றார்.

குட்டி இன்னும் அழுத்திக் கடித்தது.

“கீஈஈங்!”

இந்த முறை நடிப்பு இல்லை. குட்டி வாயைத் திறந்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் நின்றபடி சாப்பிட்டார். வேலை செய்கிறது என்று எங்கள் இருவருக்கும் ஒரே சந்தோஷம்.

எனக்கு அது வரவே இல்லை. நான் கத்தினால் குட்டி அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு வாலை ஆட்டியபடி மறுபடி பாயும். அவர் எனக்குப் பாடம் எடுத்தார். “மூக்குலருந்து வரோணும் புள்ள. நீ தொண்டையிலருந்து கத்தற. அதுக்கு நீ திட்டற மாதிரி கேக்குது.” பதினெட்டு வருஷம் வாயே திறக்காத மனிதர் எனக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தார். நான் துணி மடிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் பழகிப் பார்த்தேன்.

எதிர்வீட்டில் ஒரு அக்கா. இங்கே ஒரு பெரிய உறைவிடப் பள்ளியில் பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டன். இருநூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் படுக்கவைப்பவர். ஆனால் நாய் என்றால் தெருவின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். குட்டி வந்த நாளிலிருந்து எங்கள் கேட்டைத் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டு வாசலில் நின்றே என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங் அம்மிணி, ஊட்டுல எல்லாம் சரியாத்தான இருக்குது?”

“இருக்குதுங்க்கா. ஏனுங்க?”

“இல்ல, நாயைப் போட்டு அடிக்கற மாதிரி சத்தம் வருது. பாவம், சின்னக் குட்டி.”

“குட்டி கத்தலீங்க்கா. கத்துனது அவருங்க.”

அக்கா எங்கள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

“டாக்டர்தான் கத்தச் சொன்னாங்க,” என்றேன்.

“எந்த டாக்டரு?” என்றார் மிகவும் பரிவாக.

டாக்டர் சொன்ன இன்னொன்று, மூன்று மாதம் முடிவதற்குள் குட்டி எதையெல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதற்கெல்லாம் பிறகு பயப்படாது என்பது. தடுப்பூசி முடியும் வரை தரையில் விடக்கூடாது, தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றார். மிஞ்சின ரெக்சினில் ஒரு தோள்பை தைத்தேன். உள்ளே ஃபோம் வைத்து, ஓரத்தில் லாரி சீட்டுக்கு வைக்கிற குஞ்சமும் வைத்துத் தைத்தேன். தலை மட்டும் வெளியே தெரியும். தினம் சாயங்காலம் மொபெட்டில் முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவோம்.

பேருந்து நிலையம் காட்டினோம். முட்டை லாரியில் அட்டை அடுக்குவதைக் காட்டினோம். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், மொட்டை போட்டவர், ஊன்றுகோல் வைத்தவர், சக்கர நாற்காலியில் வருகிறவர். பட்டறையில் வெல்டிங் பொறி. ஒரு டிரைவரிடம் சொல்லி ஏர் ஹாரன் அடிக்கச் சொன்னோம். நான்தான் துள்ளினேன், குட்டி கொட்டாவி விட்டது. கோயில் தேர் இழுக்கும்போது மேளக்காரருக்கு நேர் எதிரில் போய் நின்றோம். நான் ஒரு நோட்டில் பார்த்ததையெல்லாம் எழுதி டிக் அடித்து வைத்தேன். டாக்டரிடம் காட்டியபோது, “உங்க பொண்ணைக்கூட இப்படி வளக்கல போல,” என்று சிரித்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “அட, அதுக்கென்னுங்க, இப்பத்தான் வளக்கறமே,” என்றார் கணவர். சொல்லிவிட்டுக் கை கழுவ இடம் தேடினார்.

எதற்கும் பயப்படாத குட்டியாகிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒருநாள் காலை எங்கள் கேட்டுக் கம்பிக்குள் தெரு நாய் ஒன்று மூக்கை நுழைத்து முகர்ந்தது. சாதுவான கிழட்டு நாய். வாலைக்கூட ஆட்டியது. எங்கள் குட்டி அதை ஒரு விநாடி பார்த்தது. பிறகு அலறியது பாருங்கள், அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே ஈரமாக்கிவிட்டு, ஓடிவந்து ரெக்சின் சுருளின் ஓட்டைக்குள் புகுந்துகொண்டது. ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. சுருளைக் கடைசிவரை பிரித்துத்தான் எடுத்தோம்.

என் நோட்டைப் புரட்டினேன். மொட்டைத் தலை இருந்தது. ஏர் ஹாரன் இருந்தது. நாய் இல்லை.

டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவினார். “தான் ஒரு நாய்னே அதுக்குத் தெரியலைங்க. உங்க முகத்தைத்தானே பாக்குது. நல்ல நாய்கிட்ட கொஞ்ச நாள் விடணும். குட்டி போட்ட தாய் நாயா இருந்தா ரொம்ப நல்லது. ஊசி போட்டதா, வேற நாய் வந்து போகாத இடமா பாத்துக்கங்க. ஒரு ஊசி போட்டாச்சு, இப்பப் போனா பரவாயில்ல. இன்னும் தள்ளிப்போட்டா கஷ்டம்.”

என் கணவருக்கு அக்கா ஒருவர் உண்டு. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பும் வெல்ல ஆலையும். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் வீட்டு நாய் மாசி பிறந்ததுமே நாலு குட்டி போட்டிருந்தது. அக்காவுக்குப் போன் பண்ணுங்கள் என்றால் கணவர் மாட்டேன் என்றார். “நீயே சொல்லு புள்ள. நான் சொன்னா சிரிப்பா.” நான் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப நாய்க்கு டியூசன் வெக்கோணுங்கற?” என்றார். பிறகுதான் சிரித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பங்குனி முதல் ஞாயிறு கிளம்பினோம். தோள்பையில் தலையை நீட்டிக்கொண்டு குட்டி காவிரிக் காற்றை வாங்கியபடி வந்தது. தடுப்பணை தாண்டியதும் வெல்லம் காய்ச்சுகிற வாசனை. அண்ணி வீட்டுக்குப் பின்னால் ஆலை. அதற்குப் பக்கத்தில் காய்ந்த கரும்புச் சக்கை மலை மாதிரி குவிந்து கிடந்தது. அந்தக் குவியலில் குடைந்த ஒரு பள்ளம்தான் தாய் நாயின் வீடு. வெள்ளையில் பழுப்புத் திட்டு, ஒரு காது மடங்கியது, பார்வை மட்டும் எதிர்வீட்டு வார்டன் அக்காவின் பார்வை.

குட்டியை இறக்கிவிட்டேன். நேராக அண்ணியிடம் ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டது. தாய் நாய் எழுந்து வந்து பின்பக்கம் முகர்ந்தது. குட்டி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் அது அங்கே இல்லை என்று முடிவு செய்துவிட்டது போல. தாய் நாய் சுற்றி வந்து படுத்தது. வால் நுனி ஆடியது. ஆடுகிற வால் நுனி யாருடையதாக இருந்தாலும் என் குட்டியால் பொறுக்க முடியாது. ஒரே தாவலில் கவ்விவிட்டது.

அடுத்து நடந்தது கண்ணிமைக்கும் நேரத்தில். தாய் நாய் திரும்பியது, ஒரு உறுமல், குட்டியின் மூஞ்சி முழுக்க அதன் வாய்க்குள் போய்விட்டது. குட்டி தரையோடு அமுங்கியது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

“நில்லு சாமி. அது ஒண்ணும் பண்ணாது. அதும் புள்ளைங்களையும் அப்படித்தான் பண்ணும்.”

“கடிக்குதுங்க அண்ணி!”

“கடிச்சா உனக்குத் தெரியாதா? புடிச்சிருக்குது. நல்லாப் பாரு.”

பார்த்தேன். தாய் நாய் வாயை எடுத்தது. குட்டியின் மூக்கில் எச்சில் தவிர ஒன்றுமில்லை. அது மெல்லப் புரண்டு, வயிற்றைக் காட்டி, நாலு காலையும் மடக்கிப் படுத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை. தாய் நாய் ஒரு தரம் நக்கிவிட்டு, தன் பள்ளத்துக்குப் போய்விட்டது.

சத்தம் கேட்டு நாலு குட்டிகளும் சக்கைக் குவியலிலிருந்து உருண்டு வந்தன. வயதில் எங்கள் குட்டியைவிடச் சின்னவை. ஆனால் எத்தனை சாமர்த்தியம்! ஒன்று காதைப் பிடித்தது, ஒன்று காலை. எங்கள் குட்டி பயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வாய்க்குக் கிடைத்த கருப்புக் குட்டி ஒன்றின் கழுத்தை நன்றாகக் கடித்தது. அது கத்தியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் ஒன்றரை மாதமாகக் கத்திய ‘கீங்’குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது சின்னதாக, கூர்மையாக, ஆரம்பித்ததும் முடிந்துவிட்டது. எங்களுடையது பக்கத்து மாநிலத்துக்காரர் பேசுகிற தமிழ் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

கருப்புக் குட்டி விலகிப் போயிற்று. மற்ற மூன்றும் பின்னாலேயே போய்விட்டன. அவ்வளவு பெரிய களத்தில் எங்கள் குட்டி மட்டும் தனியாக நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கால் இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன். ஆனால் தூக்கினால் அது மறுபடி என் முகத்தைத்தான் பார்க்கும் என்று நினைத்து நின்றுவிட்டேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வெகு நீளம். கணவர் கரும்பு ஒன்றை எடுத்துத் தோலை உரித்துக்கொண்டே இருந்தார், தின்னவே இல்லை.

பிறகு குட்டி மெதுவாகப் போயிற்று. பாதி வழியில் படுத்தது. எழுந்தது. மறுபடி படுத்தது. முன்னங்காலை நீட்டித் தரையில் வைத்து, பின்பக்கத்தை மேலே தூக்கி நின்றது. கருப்புக் குட்டி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்து அதன் முகத்தில் மோதியது. அடுத்த விநாடி எது எங்கள் குட்டி என்றே தெரியவில்லை.

“உட்டுட்டுப் போங்க,” என்றார் அண்ணி. “பத்து நாள் இருக்கட்டும்.”

வெறும் பையோடு திரும்பினோம். மறுநாள் மிஷினை ஓடவிட்டேன். கீழே கால் பக்கம் குனிந்து குனிந்து பார்த்ததில் ஒரு தையல் கோணிப்போயிற்று, பிரித்து மறுபடி போட்டேன். கணவர் வாசற்படியில் பெருவிரலை இடித்துக்கொண்டபோது வாய் தானாக, “கீங்,” என்றது. இருவரும் சிரித்தோம்.

அண்ணி தினம் போன் பண்ணினார். முதல் நாள், “உங்க புள்ளைக்கு எங்கூட்டு டீச்சரம்மா நல்லா சொல்லிக் குடுக்கறாங்க.” மூன்றாம் நாள், “நேத்து ராத்திரி அதுங்களோட பள்ளத்துக்குள்ளயே படுத்துக்கிச்சு.” ஐந்தாம் நாள் சிரிப்பில் பேச்சே வரவில்லை. வெல்லப் பாகு ஊற்றி ஆறவைக்கிற மரத் தொட்டியைக் கழுவ வைத்திருந்தார்களாம். எங்கள் குட்டி முன்னால், மற்ற நாலும் பின்னால், அதில் குதித்துப் புரண்டு, மேலே சக்கையெல்லாம் ஒட்டிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி வந்து நின்றனவாம். “தாய் நாய் அஞ்சையும் சாயங்காலம் வரைக்கும் நக்கிக்கிட்டிருக்குது. உன்ற புள்ளைதான் தலைவி.” எனக்குப் பெருமையாக இருந்தது. கணவரிடம் சொல்லும்போது கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

பத்து நாள் கழித்துக் கூட்டி வந்தோம். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைக் கவ்வியது. கண்ணை மூடிக்கொண்டேன். கை ஈரமானது, அவ்வளவுதான்.

இதை எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னால் நம்பவேண்டுமே. “நல்லதுங் அம்மிணி. கேட்டைச் சாத்தியே வைங்க,” என்றார்.

சித்திரையில் பள்ளி விடுமுறை, அக்கா வீட்டிலேயே இருந்தார். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் அக்கா அவர் வாசலிலிருந்து குரல் கொடுப்பார். அன்று நான் மிஷினில் இருந்தேன், கேட்கவில்லை. நாலு தரம் கூப்பிட்டிருக்கிறார். என்ன நினைத்தாரோ, கேட்டைத் திறந்துகொண்டு முன்னறைக்கே வந்து என் தோளைத் தொடக் கையை நீட்டினார். ஃபோம் குவியலுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த குட்டி துள்ளி எழுந்து அந்தக் கையைக் கவ்விவிட்டது.

நான் திரும்பிப் பார்த்தபோது அக்காவின் மணிக்கட்டு, வளையலோடு சேர்த்து, குட்டியின் வாய்க்குள் இருந்தது. அக்கா கத்தவில்லை. கையை இழுக்கவும் இல்லை. அவர் மூக்கிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. அடுத்த கணம் குட்டி வாயைத் திறந்து, கையை விட்டு, இரண்டடி பின்னால் போய்க் காதை மடக்கிப் படுத்துக்கொண்டது.

அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

“கடிக்கல,” என்றார்.

“இல்லீங்க்கா.”

“ஏன் கடிக்கல?” ஹாஸ்டலில் பிள்ளைகளை விசாரிக்கிற குரல். குட்டியிடம்தான் கேட்டார். அது வாலை ஒரு தரம் தரையில் தட்டியது.

நான் அவரை ஃபோம்மேல் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார். “நான் என்னமோ சத்தம் போட்டனே. என்ன போட்டேன்?”

“‘கீங்’னுதானுங் போட்டீங்க.”

“நெசமாவா?”

“எங்க ரெண்டு பேருக்கும் மூணு மாசமா வராதது உங்களுக்கு மொதல்லயே வந்துருச்சுங்க்கா.”

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு கொஞ்சம் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. சின்ன வயதில் கடித்த நாயின் நிறம், அன்று தான் போட்டிருந்த பாவாடை, ஊசி போட்ட நர்சு கொடுத்த மிட்டாய் எல்லாம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தவழ்ந்து வந்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் மூக்கை வைத்தது. அக்கா காலை நகர்த்தவில்லை. தொடவும் இல்லை. எங்கள் இருவருக்கும் தண்ணீர் ஞாபகம் வந்து வெளியே ஓடியபோது குழாயில் காற்றுதான் வந்தது. அன்று தெருவிலேயே தண்ணீர் பிடிக்காதவர்கள் நாங்கள் இரண்டு வீடுதான்.

அந்தச் சித்திரை முடிகிற சமயம். பட்டறையிலிருந்து கணவர் வந்து சேரவும், வானம் கறுத்து ஒரு காற்று அடித்தது. முன்னறையில் நூல் கண்டெல்லாம் உருண்டது. குட்டி வாசலுக்கு ஓடி நின்றது. முதல் சொட்டு அதன் மூக்கின்மேல் விழுந்தது. அது பின்வாங்கி, மேலே பார்த்து, ஒரு தரம் குரைத்தது. இன்னொரு சொட்டு. இன்னொரு குரைப்பு. பிறகு தகரக் கூரைமேல் சடசடவென்று கொட்ட ஆரம்பித்ததும் மூன்று திசையிலும் திரும்பித் திரும்பிக் குரைத்துவிட்டு, என் காலுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது.

குட்டி வந்தது தையில். நாமக்கல்லில் அதற்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. எங்கே போய்க் காட்டியிருப்போம்?

கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டையோடு போய் நடுத்தெருவில் நின்றார். ரோட்டில் தேங்கிய தண்ணீரில் காலால் அடித்தார். “வா சாமி, வா! ஒண்ணுமில்ல, தண்ணிதான்!” என்று கத்தினார். பட்டறையில்கூடக் கேட்டிருக்கும். குட்டி என் காலுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டியது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“ஏனுங் தம்பி, இதுவும் டாக்டர் சொன்னதுங்களா?” என்றார் அக்கா.

“இல்லீங்க்கா. இது நானாப் பண்றது!”

குட்டி ஒரு காலை வெளியே வைத்தது. எடுத்தது. உதறியது. மறுபடி வைத்தது.